பல்லுக் கம்பளி

கரும்பாறைத் தோட்டத்துப் பிள்ளைகளை மிரட்டப் பேயும் பூச்சாண்டியும் தேவைப்படவில்லை, மாயாண்டி இருந்தான். சோறு வேண்டாம் என்று அடம்பிடிக்கிற பிள்ளையிடம், "அந்தா பாரு, மாயாண்டி மாமா கம்பளியத் தூக்கிக்கிட்டு வர்றாரு" என்று சொன்னால் போதும், தட்டு கழுவி வைத்தது போல ஆகிவிடும்.

ஆள் ஒன்றும் பயங்கரமானவன் இல்லை. சிரித்த முகம். கவ்வாத்துக்காரன். ஓங்கி வளர்ந்துவிட்ட தேயிலைச் செடியை முழங்கால் மட்டத்துக்கு வெட்டி இறக்குகிற வேலையில், கை இரண்டும் முறுக்கேறி அந்தத் தேயிலைத் தூரையே போலக் கிடந்தன. அந்தக் கைகளைப் பார்த்துத்தான் தோட்டத்து மருந்தய்யா அவனைப் பல்லு நாளுக்கென்று கேட்டு வாங்கினார்.

பல்லு நாள் என்பது மாதத்தில் ஒரு புதன்கிழமை. அன்றைக்கு ஹட்டனிலிருந்து பல் டாக்டர் கறுப்புக் காரில் வருவார். தோட்டத்து ஆஸ்பத்திரி என்று பெயர் வாங்கின இரண்டு அறைக்கும் ஒரு விறாந்தைக்கும் முன்னால், வீங்கின கன்னமும் வடிகிற மூக்குமாகப் பிள்ளைகள் தாய்மாரின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தோட்டத்தில் சொத்தைப் பல்லுக்குப் பஞ்சம் கிடையாது. பால் காணாத தேயிலைச் சாயத்தண்ணியை, உள்ளங்கையில் சீனி வைத்து நக்கி நக்கிக் குடித்து வளர்கிற பிள்ளைகள். பல்லு முளைக்கும்போதே அதற்குக் கெடு வைத்தாயிற்று.

டாக்டருக்கு அவசரம். பகல் சாப்பாட்டுக்குள் பக்கத்துத் தோட்டத்துக்கும் போகவேண்டும். அதனால் ஒரு முறை ஏற்பட்டுப்போயிருந்தது. பிள்ளையை விறாந்தையிலேயே தாயிடமிருந்து பிரித்துவிடுவது. அது என்ன ஏது என்று பார்ப்பதற்குள் கம்பளியில் சுற்றிவிடுவது. கையும் உள்ளே, காலும் உள்ளே, தலை மட்டும் வெளியே. மாயாண்டி நாற்காலியில் உட்கார்ந்து, அந்த மூட்டையைத் தொடைக்கு நடுவில் நிறுத்தி, இடக்கையை நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு, வலக்கையால் நெற்றியைத் தன் மார்போடு சேர்த்து அமுக்கிக்கொள்வான். பிள்ளை கத்தும். கத்தினால் வாய் திறக்குமல்லவா, அப்போது ஊசி. மரக்கிற மருந்துதான் அது. ஆனால் மரக்கிறவரைக்கும் யார் காத்திருந்தார்கள்? ஊசியை உருவின கையோடு குறடு. பிள்ளை போடுகிற சத்தம் எதிர்மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களுக்குக் கேட்கும். அதில் தன் பிள்ளையின் சத்தம் எது என்று தாய்க்குத் தெரியும்.

அந்த ஒரு நாள் மாயாண்டிக்கு மலையில் வேலை இல்லை. ஆனாலும் முழுப் பேர் விழும், முழு நாள் கூலி உண்டு. கம்பளியும் அவன் பொறுப்பு. சாயங்காலம் லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் பீலிக் குழாயில் விழுகிற தண்ணீரில் அதை அலசி, கறை போகச் சவர்க்காரம் போட்டு உரசி, அடுப்புக்கு மேலே காயப்போட்டு, மடித்துப் பரணில் வைப்பான். பல்லுக் கம்பளி என்றே அதற்குப் பெயராகிவிட்டது. பிடி இறுகினால் வேலை சீக்கிரம் முடியும், வேலை சீக்கிரம் முடிந்தால் பிள்ளைக்கு வலி குறையும் என்பது அவன் கணக்கு. அது ஒரு தர்மம் என்றுகூட நினைத்திருந்தான். இறுக்கிப் பிடிக்கத் தெரியாதவன் கையில் பிள்ளை அகப்பட்டால் என்ன பாடு படும் என்று காளியாயியிடம் பெருமையாகச் சொன்னதும் உண்டு. காளியாயி அவன் மனைவி. அப்போதெல்லாம் அவள் அடுப்பை ஊதப் போய்விடுவாள்.

அவர்களுக்கு ஒரே மகள், மீனம்மா. லயத்து வாசலில் பிள்ளைகள் பல்லுப் புடுங்கி விளையாடும்போது ஒருத்தி டாக்டர், ஒருத்தன் பல்லுக்காரன், ஒரு கிழிந்த சாக்கு கம்பளி. பிடிக்கிற வேலை மட்டும் எந்நாளும் மீனம்மாவுக்குத்தான். "நீதானேடி மாயாண்டி மாமா மக" என்பார்கள். அவளும் இடக்கை வலக்கை மாறாமல் பிடிப்பாள். வேலை விட்டு வந்த மாயாண்டி அதைப் பார்த்து, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நின்று சிரித்திருக்கிறான்.

அந்த வருசம் ஆனி மழை இறங்கினதிலிருந்து நிற்கவே இல்லை. நோர்வூட் பக்கத்து மலை எல்லாம் மூட்டத்துக்குள் போய்விட்டது. காளியாயி விடியலில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகும்போதே நனைந்து போவாள். வரும்போது காலில் அட்டையோடு வருவாள். அவளுடைய கொங்காணி, அதாவது மழைக்குத் தலையிலிருந்து முதுகு வரைக்கும் போட்டுக்கொள்கிற கம்பளித் துண்டு, நைந்து வலையாகிவிட்டது. அதைப் போட்டும் ஒன்றுதான், போடாமலும் ஒன்றுதான்.

ஒரு நாள் சாயங்காலம் அடுப்படியில் குந்தியிருந்து கால் அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"ஏங்க, இவ ரொட்டி திங்கிறதில்லீங்க. சாயத்தண்ணியில நனைச்சு நடுவுல மெத்துனு இருக்கிறத மட்டும் தின்னுட்டு, ஓரத்தப் பூராவும் கோழிக்கூட்டுக்குள்ள தள்ளிவிட்டிருக்கா. கோழி என்னமோ நல்லாக் கொழுத்துப்போச்சு. இவதான் காஞ்சுபோறா."

மாயாண்டி விளக்கைத் தூக்கிப் பார்த்தான். மகளின் இடது கன்னம் பணியாரம் போல உப்பியிருந்தது. எத்தனை நாளாகத் தலைமுடியை இழுத்துவிட்டு மறைத்துவைத்திருந்தாளோ.

"எங்க, வாயத் தொற, பாப்பம்" என்று கையை நீட்டினான்.

மீனம்மா பின்னால் நகர்ந்தாள். விறகுக் கட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் முதுகு முட்டுமட்டும் நகர்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கைக்குள்ளிருந்துதான் சத்தம் வந்தது.

"புடிக்காதப்பா."

அவன் பிடிக்கப் போகவில்லை. பார்க்கத்தான் போனான். ஆனால் குனிந்து பார்த்தபோது, இடக்கை அவளுடைய நெஞ்சுக்குக் குறுக்கே பாதி வழி போயிருந்தது. வலக்கை நெற்றிக்கு நேரே நின்றது. அவன் சொல்லி அவை போகவில்லை. பழகின மாடு தொழுவத்துக்குப் போவது போலத் தாமாகப் போயிருந்தன.

"கைய எடுங்க" என்றாள் காளியாயி. சத்தம் போடவில்லை.

அவன் எடுத்தான். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான்.

அதற்குப் பிறகு மீனம்மா அவன் கையிலிருந்து எதையும் வாங்கவில்லை. ரொட்டித் துண்டை நீட்டினால் பார்த்துக்கொண்டிருப்பாள். தரையில் வைத்துவிட்டு நகர்ந்தால் வந்து எடுப்பாள். உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வைத்தார்கள். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அம்மாக்கண்ணு புகையிலைக் காம்பை அதக்கச் சொன்னாள். அதில் பிள்ளை வாந்தியெடுத்ததுதான் மிச்சம். வீக்கம் கண் வரைக்கும் ஏறியது. பல்லு நாளுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அதைச் சொன்னால் பிள்ளை நடுங்கிற்று. சொல்லாவிட்டாலும் அதற்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாயாண்டி கிராம்பு வாங்க நோர்வூட்டுக்கு இறங்கினான். கடைத்தெருவில் ஜமால்தீன் முதலாளியின் கடை. கருவாட்டு வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் மழையில் அமுங்கி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. ஜமால்தீன் கிராம்பைக் கடதாசியில் மடித்துக்கொண்டே யாருக்குப் பல் வலி என்று விசாரித்தார். சொன்னான்.

"எங்கட செரீபாவுக்கும் போன மாசம் இதே கதைதான். ஹட்டனுக்குக் கூட்டிப் போய் எடுத்தாச்சு. இப்ப பாரு, கடையில இருக்கிற பொரி அவல எல்லாம் அவதான் திங்கிறா."

மாயாண்டிக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றிற்று. "யாரு மொதலாளி புடிச்சது?"

"என்னத்தப் புடிக்கிற?"

"புள்ளைய."

ஜமால்தீன் சிரித்தார். "புள்ளைய ஏன்டா புடிக்கணும்? அது என்ன கள்ளனா?"

கடைக்குப் பின்னால் தொங்கின சீலையை விலக்கிக்கொண்டு செரீபாவே வந்துவிட்டாள். மீனம்மா வயசுதான் இருக்கும். பல் போன இடத்தை விரலால் இழுத்துக் காட்டினாள். கேட்கக் கேட்கச் சொன்னாள். உம்மாவின் மடியில்தான் உட்கார்ந்திருந்தாளாம். ஊசி இருக்கு, எறும்பு கடிக்கிற மாதிரிக் கடிக்கும், அதுக்குப் பொறகு கன்னம் தூங்கிப்போயிரும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டாராம். மருந்துப் புட்டியை உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கினாராம். வீட்டில் பூனை இருக்கா என்று கேட்டுக்கொண்டே கன்னத்தைப் பிடித்து இப்படி இப்படி ஆட்டினாராம். ஆட்டுகிறபோதே ஊசி போய்விட்டது. மெதுவாக, ரொம்ப மெதுவாக. பிறகு கன்னம் தூங்குகிறவரைக்கும் படப் புத்தகம் பார்த்தார்களாம்.

"பல்லு எடுத்தது எனக்குத் தெரியவே இல்ல" என்றாள்.

"எந்த டாக்டரு பாப்பா?"

மகளுக்குப் பதிலாகத் தகப்பன் சொன்னார். "உங்கட தோட்டத்துக்கும் வாறாரே, கறுப்புக் கார். அவருதான்."

மாயாண்டி கிராம்பை மடியில் கட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கினான். ஏற்றத்தில் நடந்துகொண்டே அந்தப் பிள்ளை சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். வேறொரு டாக்டர் என்றால் மனம் ஆறியிருக்கும். தெரியாதவன் செய்கிறான் என்று விட்டிருப்பான். அதே டாக்டர். அதே ஊசி. அதே மருந்து. ஹட்டனில் கன்னத்தை ஆட்டத் தெரிந்த கைக்குக் கரும்பாறைக்கு வந்ததும் மறந்துபோகிறதா? அங்கே மடி, இங்கே கம்பளி. அந்தக் கம்பளிக்குள் பிள்ளையைக் கட்டிக் கொடுக்கிற கை யாருடையது?

வீட்டுக்கு வந்ததும் பரணில் இருந்த பல்லுக் கம்பளியை இறக்கினான். கவ்வாத்துக் கத்தியை எடுத்து, வாசல் வெளிச்சத்தில் தீட்டுக்கல்லில் நாலு இழு இழுத்தான். காளியாயி கொழுந்துக்கூடையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னாங்க செய்றீங்க?"

"ஒனக்குக் கொங்காணி."

"தோட்டத்துச் சாமானுங்க அது."

"தெரியும்."

"பேர வெட்டுவாங்க."

"வெட்டட்டும். நான் இத வெட்டுறேன்."

கம்பளி நடுவில் இரண்டாகப் போயிற்று. காளியாயி ஒரு துண்டை எடுத்துத் தலையில் போட்டு, தோளில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தாள். கோணி ஊசியைத் தேடி எடுத்து நூல் கோத்தாள்.

"ஓரம் நேரா வெட்டத் தெரியுதா பாரு" என்றாள். "பெரிய கவ்வாத்துக்காரராம்."

மீனம்மா சந்துக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மாயாண்டி அவளுக்கு எட்டத்தில் தரையில் உட்கார்ந்தான். புதன்கிழமை போகத்தான் வேண்டும் என்று சொன்னான். ஊசி உண்டு, குத்தும், பொய் சொல்ல மாட்டேன் என்றான். செரீபா சொன்னதையெல்லாம் சொன்னான்.

"யாரு புடிப்பா?" என்று கேட்டாள் அவள்.

"யாரும் புடிக்க மாட்டாங்க."

"நீ?"

"நானுந்தான்."

அவள் நம்பவில்லை. அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை. விறாந்தைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மேல்பிரிவிலிருந்தும் கீழ்ப்பிரிவிலிருந்தும் தாய்மார் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு நின்றார்கள். பாதி நாள் பேரை விட்டுவிட்டு வந்தவர்கள். சீக்கிரம் முடிந்தால் கொழுந்து மலைக்குத் திரும்பலாம் என்ற அவசரம் ஒவ்வொருத்தி முகத்திலும் இருந்தது. மாயாண்டி மகளோடு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் காளியாயி, புதுக் கொங்காணியோடு. உள்ளே டாக்டர் சாமான்களைக் கொதிதண்ணீரில் போட்டு எடுக்கிற சத்தம் கேட்டது.

மருந்தய்யா எட்டிப் பார்த்தார். "என்னடா உக்காந்திருக்கே, மாப்பிள மாதிரி? வா. கம்பளி எங்க?"

"வெட்டிட்டேனுங்க."

"என்னது?"

"கொங்காணி தச்சாச்சுங்க. அந்தா."

தாய்மாரில் ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மருந்தய்யா கோபத்தோடு, ஆட்களை வேலை வாங்குகிற மூக்கன் கங்காணியைக் கூப்பிட்டார். கங்காணி குடையை மடக்கிக்கொண்டே வந்து விசயத்தைக் கேட்டார்.

"கம்பளிய விடு. எந்திரிச்சுப் போய்ப் புள்ளையளப் புடி" என்றார்.

"புடிக்க மாட்டேன் கங்காணி."

"ஒம் புள்ளையவா?"

"எந்தப் புள்ளையயும்."

கங்காணி குரலை உயர்த்தினார். இன்றைக்குப் பேர் இல்லை என்றார். நாளைக்கும் இல்லை என்றார். "ஒன்னையெல்லாம் கப்பல்ல ஏத்தி அக்கரைக்கு அனுப்பினாத்தான்டா சரிவரும்" என்று முடித்தார். அந்தக் காலத்தில் எந்தச் சண்டையும் இந்தியாவுக்கு ஆளைத் திருப்பி அனுப்புகிற அந்தக் கப்பலில்தான் போய் முடியும்.

"ஏத்துங்க" என்றான் மாயாண்டி. "அக்கரையிலயும் புள்ளைக்குப் பல்லு இருக்கும். அங்கயும் புடிக்க மாட்டேன்."

கங்காணியின் பேச்சு அவனுக்கு உறைக்கவில்லை. உறைத்தது அழகம்மாவின் பேச்சுத்தான். மேல்பிரிவுக்காரி. மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டே ஏற்ற இறக்கம் எல்லாம் நடந்து வந்தவள். பையன் வலியில் அனத்திக்கொண்டிருந்தான்.

"ஒம் மகளுக்கு வந்தாத்தான் வலியா?" என்று கேட்டாள். "போன மாசம் எம் மகன அமுக்கிப் புடிச்சது நீதானே? புடிச்ச எடம் கன்னிப்போயிருந்துச்சு. அதுல ஒரு பல்லுதான் போச்சு, இன்னொண்ணு கெடக்கு. இன்னைக்கு அதயும் புடுங்காமப் போனா இவன் ராத்திரி பூரா கத்துவான். நீயா வந்து தூக்குவ?"

மாயாண்டி அவளுடைய முகத்தைப் பார்த்தே சொன்னான்.

"நாந்தான் புடிச்சேன். இல்லைன்னு சொல்லல. இப்ப புடிக்க மாட்டேன்னு சொல்றேன். இதே டாக்டரு ஹட்டன்ல புள்ளைய மடியில வச்சுக்கிட்டுத்தான் ஊசி போடுறாரு. கன்னம் மரக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்துதான் புடுங்குறாரு. நோர்வூட் மொதலாளி மகளக் கேட்டுட்டு வந்தேன். அந்தப் புள்ளைக்கு மடி, ஒம் மகனுக்குக் கம்பளியா? நீயே மடியில வச்சுக்க. எவனும் புள்ளைய வாங்கவேணாம்."

அழகம்மா மகனை இடுப்பில் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஆனால் அவள் யோசித்து முடிப்பதற்குள் கங்காணி முந்திக்கொண்டார். மருந்துப்பெட்டி தூக்கிக்கொண்டு வந்திருந்த பழனியாண்டியைப் பிடித்துத் தள்ளி, நீ பிடிடா என்றார். பழனியாண்டி சாதுவான ஆள், மாட்டுப்பட்டிக்காரன். கன்றுக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி அழகம்மாவின் மகனை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். கம்பளி இல்லை. உள்ளே ஒரு சத்தம். பிறகு தட்டு விழுகிற சத்தம். பழனியாண்டியின் குரல், ஐயோ கடிச்சிட்டான் என்று. பையன் எல்லார் காலுக்கும் நடுவில் பாய்ந்து வெளியே வந்து, விறாந்தையைத் தாண்டி, மழைக்குள் தேயிலைச் செடிக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டான். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அழகம்மாவும் சிரித்தாள், மகனைப் பிடிக்க ஓடிக்கொண்டே.

டாக்டர் வெளியே வந்தார். சிங்களவர், தோட்டம் தோட்டமாகப் போய்ப் பழகின தமிழ். சட்டையில் கொதிதண்ணீர் சிந்தியிருந்தது.

"மொகத மே? என்ன இது? ஏன் ஆள் ஒழுங்காப் புடிக்கிறது இல்ல?"

மருந்தய்யா மாயாண்டியைக் கையால் காட்டி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் கொட்டினார். அதைக் கேட்டுக்கொண்டே டாக்டர் அவனைப் பார்த்தார். மாயாண்டி எழுந்தான். மகளைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போய், எந்த நாற்காலியில் பிள்ளைகளைப் பிடிப்பானோ அதே நாற்காலியில் உட்கார்ந்தான். மீனம்மாவை மடியில் வைத்துக்கொண்டான். அவள் விறைத்துப்போய் இருந்தாள்.

"இவளுக்குப் போடுங்க டாக்டரய்யா" என்றான். "ஹட்டன்ல செரீபான்னு ஒரு புள்ளைக்குப் போட்ட மாதிரி."

டாக்டர் வாசலில் நின்றார். "அது ஒரு புள்ள. மெதுவாச் செய்யலாம். இங்க பாரு எவ்வளவு புள்ள. அப்படிச் செஞ்சா முடியாது."

"முடிஞ்ச புள்ளைக்கு மட்டும் போதுங்க."

"மத்த புள்ள?"

காளியாயி கதவருகில் வந்து நின்றிருந்தாள். "வலி பொறுத்துக் காத்துக்கிட்டு இருப்பாங்க ஐயா" என்றாள். "கட்டிவச்சுப் புடுங்கிறதுக்கு அது தேவலை."

அவளுக்குப் பின்னால் விறாந்தையில் ஒரு தாயும் அசையவில்லை. யாரும் பிள்ளையை நீட்டவில்லை. ஒரு பல்லும் எடுக்காமல் காரைத் திருப்பிக்கொண்டு போனால் பெரிய துரைக்கு என்ன சொல்வது என்று டாக்டர் யோசித்தாரோ, அல்லது செரீபாவின் பூனைதான் நினைவுக்கு வந்ததோ, தெரியாது.

"ஹரி, சரி" என்றார்.

மருந்துப் புட்டியை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். மீனம்மா முதல் முறையாக வாயைத் திறந்தாள், பேசுவதற்கு.

"வலிக்குமா?"

"வலிக்காது, வலிக்காது" என்றார் மருந்தய்யா அவசரமாக.

"பொய் சொல்லாதீங்கய்யா" என்றான் மாயாண்டி. "வலிக்கும் மீனா. எறும்பு கடிச்ச மாதிரி. அதுக்கப்புறம் கன்னம் தூங்கிப்போயிரும்."

டாக்டர் தலையாட்டினார். "அப்பா சொல்றது சரி. பய வென்ன எப்பா. பயப்பட வேணாம்."

மாயாண்டி தன் கை இரண்டையும் மல்லாத்தி, தொடைமேல் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வைத்தான். நெஞ்சுக்குக் குறுக்கே போகத் துடிக்கிற கையை அப்படியே வைத்திருப்பது கவ்வாத்தைவிடப் பெரிய வேலையாக இருந்தது. மீனம்மா இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். பிறகு அவனுடைய பெருவிரல்களை ஒவ்வொரு கையால் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஆடாத" என்றாள்.

டாக்டர் அவளுடைய கன்னத்தை விரலால் பற்றி இலேசாக ஆட்ட ஆரம்பித்தார். "வீட்டுல பூனை இருக்கா?"

"இல்ல. கோழி."

"கோழிக்குப் பேர் இருக்கா?"

"இருக்கு."

"என்ன பேர்?"

"தொரசாணி."

வெளியே குபீர் என்று சிரிப்பு. மருந்தய்யாவின் முகம் போன போக்கைப் பார்த்து இன்னொரு சிரிப்பு. டாக்டருக்கும் உதடு கோணிற்று. ஏன் அந்தப் பேர் என்று கேட்டார். வெள்ளையாகக் குண்டாக இருக்கும், வேலை செய்யாமல் தின்னும் என்று பிள்ளை சொல்லத் தொடங்கினாள். பாதியில் அவளுடைய பிடி இறுகியது. மாயாண்டிக்கு அந்த இரண்டு விரலிலேயே எல்லாம் தெரிந்தது. ஊசி போன இடம், மருந்து மெதுவாக இறங்குகிற நேரம், நகம் பதிந்து பதிந்து, பிறகு மெல்ல விடுகிற நேரம். டாக்டர் கன்னத்தை ஆட்டிக்கொண்டேயிருந்தார். ஊசி வெளியே வந்ததை அவள் பார்க்கவில்லை.

கத்தவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும்.

"இப்ப அங்க இரு" என்று டாக்டர் விறாந்தை வாங்கைக் காட்டினார். வெளியே பார்த்து, "அடுத்த புள்ள. அம்மாவோட" என்றார்.

வாங்கில் உட்கார்ந்து மீனம்மா கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "என் கன்னம் இல்லாத மாதிரி இருக்கு" என்றாள். தை மாதத்துப் பனியில் விடியலில் கொழுந்து எடுக்கும்போது விரல் அப்படித்தான் போய்விடும் என்று காளியாயி சொன்னாள். அழகம்மா நனைந்த மகனைத் துடைத்துத் தூக்கிக்கொண்டு, மாயாண்டியைப் பார்க்காமலே உள்ளே போனாள். போய், அந்த நாற்காலியில் மகனை மடியில் வைத்து உட்கார்ந்தாள். அந்தப் பையன் கத்தத்தான் செய்தான். பிடிபட்ட பயம் போகுமா? ஆனாலும் ஊசிக்குப் பிறகு அவனும் வாங்குக்கு வந்தான். வாங்கு நிறைந்தது. ஊசி போட்ட பிள்ளைகள் மரத்த கன்னத்தோடு ஒன்றையொன்று பார்த்துச் சிரித்து, சிரிப்புக் கோணலாகப் போவதைப் பார்த்து இன்னும் சிரித்தன. டாக்டரின் பகல் சாப்பாடு பிந்திற்று. பக்கத்துத் தோட்டத்துக்கு அன்றைக்கு அவர் போகவில்லை. மிச்சமாக நின்ற தாய்மார் முணுமுணுத்தார்கள். ஒருத்தி மாயாண்டியை ஏசிக்கொண்டேதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். அவன் அதைக் கேட்டுக்கொண்டான்.

மீனம்மாவின் பல்லு வந்தது. அதை அவளே கையில் வாங்கிப் பார்த்தாள். இவ்வளவுதானா என்கிற மாதிரி.

சொன்னபடி பேர் வெட்டினார்கள். கவ்வாத்திலிருந்து எடுத்து மாயாண்டியைக் கான் வெட்டுக்கு விட்டார்கள். மழைக்காலத்தில் தோட்டத்தில் அதைவிடக் கேடான வேலை இல்லை. முழங்கால் சேற்றில் நின்று, மலையோடு வருகிற தண்ணீருக்கு வழி வெட்டவேண்டும். வெட்டின மண் திரும்பவும் காலடிக்கே வரும். கம்பளி எங்கே என்று மருந்தய்யா பெரட்டில் வைத்துக் காளியாயியிடமே கேட்டார். தலையில் இருக்குங்க, வேணும்னா மழை விட்ட பெறகு வந்து வாங்கிக்கங்க என்று சொல்லிவிட்டு அவள் கூடையை மாட்டிக்கொண்டு நடந்தாள். மழை விடுகிற மாதிரி இல்லை.

மீனம்மா ரொட்டியை ஓரத்திலிருந்து கடித்துத் தின்றாள். அவன் கையிலிருந்தே வாங்கினாள். துரைசாணி இளைத்துப்போனது.

அடுத்த பல்லு நாள் வந்தபோது மாயாண்டி ஆஸ்பத்திரிக்கு எதிர்மலையில் கான் வெட்டிக்கொண்டிருந்தான். ஸ்டோரிலிருந்து புதுக் கம்பளி இறக்கியிருக்கிறார்கள், பழனியாண்டியைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று காலையிலேயே கேள்விப்பட்டிருந்தான். கறுப்புக் கார் ஏறி வருவதைப் பார்த்தான். தாய்மார் விறாந்தையில் நிற்பதைப் பார்த்தான். மூட்டம் வந்து மறைத்தது. மம்பட்டியைப் போட்டு இழுத்தான். காது மட்டும் அங்கேயே இருந்தது.

மூட்டம் விலகினபோது பழனியாண்டி தெரிந்தான். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்தான். புதுக் கம்பளியைத் தன் தோளிலேயே சுற்றிக்கொண்டு, குளிருக்கு ஒடுங்கி, யாரும் கூப்பிடாத ஆளாக உட்கார்ந்திருந்தான். அவனைத் தாண்டி ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். இன்னொருத்தி வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்தாள்.

மாயாண்டி மம்பட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"என்னடா வேடிக்கை?" மூக்கன் கங்காணி மேல் தேயிலை வரிச்சியிலிருந்து சத்தம் போட்டார். "என்னாத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற?"

"பாக்கலீங்க" என்றான் மாயாண்டி. "பல்லு நாளு. டாக்டரு வந்து எம்புட்டு நேரமாச்சு. சத்தமே இல்லைங்க."

கங்காணி ஏதோ ஏச வாயெடுத்தார். ஏசவில்லை. குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அவரும் எதிர்ப்பக்கம் காதைக் கொடுத்தார். கானில் தண்ணீர் ஓடுகிற சத்தம் இருந்தது. கொழுந்து மலையில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அவ்வளவுதான்.

"வேலையப் பாரு" என்றார் கங்காணி, மெதுவாக.

மாயாண்டி சேற்றில் காலை அகட்டி வைத்து மம்பட்டியை ஓங்கினான்.